நகத்தில் காட்டிய தூசி

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டோரப் பட்டறைகளில் யாருக்காவது கண்ணில் தூசி விழுந்தால் முதலில் கேட்கும் சத்தம் "மீனக்கா!" என்பதுதான். இரும்பு அறுக்கும் மிஷின் நிற்கும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஒருவர் ரோட்டைக் கடந்து எதிரே இருக்கும் இட்லிக் கடைக்கு ஓடுவார். பின்னாலிருந்து யாராவது கத்துவார்கள்: "எப்படியும் போறே, எனக்கு ரெண்டு வடை சொல்லிட்டு அப்புறம் அழு!"

மீனம்பாள் அடுப்பைத் தணிப்பார். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவார். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் மூடி போட்ட கிண்ணத்தில் எப்போதும் இருக்கும். பழைய வேட்டித் துணி இட்லிப் பானையிலேயே ஆவியில் வெந்து, தனி டப்பாவில் இருக்கும். வந்தவரை வெளிச்சம் பார்த்து பெஞ்சில் உட்கார வைத்து, மேல் இமையை ஒரு தீக்குச்சியின் மேல் மடக்கிப் புரட்டுவார். "என் மூஞ்சப் பாக்காத, காலப் பாரு" என்பார். துணியின் முனையைத் திரிபோல முறுக்கி ஒரே தொடல். எடுத்ததைத் தன் இடது கட்டைவிரல் நகத்தில் வைத்து, வந்தவரின் நல்ல கண்ணுக்கு முன்னால் நீட்டுவார்.

"பாத்துக்கோ. இதான் உன்னப் பாடாப் படுத்துனது."

நகத்தில் பார்க்காமல் யாரும் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்ததில்லை. அதில்தான் எல்லாச் சிக்கலும் இருந்தது.

கண்ணில் விழுந்த துகள் வெளியே வந்த பிறகும் அது கீறிய இடம் உறுத்திக்கொண்டே இருக்கும். பல நேரம், ரோட்டைக் கடந்து வருவதற்குள் கண்ணீரோடு தூசி ஓடிப்போயிருக்கும். மீனக்கா இமையைப் புரட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லபா, போய்டுச்சு" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். "இருக்குதுக்கா, முள்ளு மாதிரி இருக்குது, நல்லாப் பாரு" என்பார்கள். கடை தொடங்கிய புதிதில் விமல்ராஜ் என்கிற வெல்டிங்காரர் அப்படி நம்பாமல் போய், வேறொருவரிடம் கண்ணைக் கொடுத்தார். அந்த ஆள் ஊசி முனையால் தேடியிருக்கிறார். மறுநாள் விமல்ராஜின் கண் வெற்றிலை போட்டுத் துப்பியதுபோல இருந்தது.

அன்றிலிருந்து மீனக்காவுக்கு ஒரு பழக்கம் வந்தது. இமைக்குள் ஒன்றும் இல்லையென்றால், துணியை நனைக்கத் திரும்புவதுபோலத் திரும்பி, தோசைக்கல்லின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கரியில் ஒரு துணுக்கை நகத்தில் ஏற்றிக்கொள்வார். அதைக் காட்டினால் போதும், வந்தவர் பெருமூச்சு விடுவார். உறுத்தல் பாதி அங்கேயே நின்றுவிடும். கண்ணைத் தேய்க்காமல் தூங்குவார். காலையில் சரியாகிவிடும். கடையில் காசு கொடுக்காமல் சாப்பிடும் ஒரே வாடிக்கையாளரான மீனக்காவின் கணவர் நெடுமாறனுக்குக்கூட இது தெரியாது. அவர் அவலூர்பேட்டைக்கும் செஞ்சிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஊர்ச் சேதி எல்லாம் அவரிடம் இருக்கும், இது ஒன்றைத் தவிர.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீனக்காவின் நைனா காலத்தில், இதே ரோட்டில் டீக்கடைகள் மீனக்காவும் நாங்களும் பிறந்த தெருக்காரர்களுக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தன. குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அவருடைய மகள் போட்ட இட்லியை இன்று எல்லாத் தெருக்காரர்களும் சாப்பிடுகிறார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகள்கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்து, இமையை அவர் விரலில் கொடுத்துவிட்டுச் சின்னக் குழந்தைபோல அசையாமல் இருக்கிறார்கள். அந்தக் கைக்கு இருந்த பேர் மீனக்காவுக்கு வெறும் பெருமை மட்டும் இல்லை.

கன்னியப்பன் என் அண்ணன். ரியாசுதீன் பாயின் பட்டறையில் டிராக்டர் மெக்கானிக். நான் கத்தாரில் இருக்கிறேன். ஊரில் யாருக்காவது ஜலதோஷம் என்றாலே வீடியோவில் மூக்கைக் காட்டச் சொல்கிறவன் என்று அண்ணி பாரதி என்னைக் கேலி செய்வார்.

அன்று தொண்டூரிலிருந்து ஒரு டிராக்டர் வந்திருந்தது. பின்னால் கலப்பை மாட்டும் இடத்தில் பின் என்கிற இரும்பு முளை துருவேறிச் சிக்கிக்கொண்டது. அண்ணன் அதன் மேல் ஓர் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தார். அடிபட்டு அடிபட்டு, மழையில் நனைந்த காளான்போலத் தலை விரிந்துபோன பழைய உளி அது. நாலைந்து அடிக்குப் பிறகு அந்த முளை இறங்கியது. அதோடு வலது கண்ணில் சுருக்கென்று ஒன்று. எறும்பு கடித்த அளவுக்குத்தான் இருந்தது என்றார் பின்னால்.

மீனக்கா இமையைப் புரட்டினார். ஒன்றும் இல்லை. கீழிமையை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மூக்கோரத்து வெள்ளையில் மட்டும் ஒரு சின்னச் சிவப்பு.

"வந்துடுச்சாக்கா?"

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. இன்னாமோ இருக்குற மாதிரியே இருக்குது."

மதிய நேரம். பெஞ்சு நிறைய ஆள். "யக்கா, எங்களுக்கும் கண்ணு இருட்டுது, பசியில" என்று ஒருவர் குரல் கொடுத்தார். மீனக்கா அடுப்புப் பக்கம் திரும்பினார். திரும்பி வந்தபோது நகத்தில் கறுப்பாக ஒன்று இருந்தது.

அண்ணன் அதைக் காகிதத்தில் பொட்டலம் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி போடாமல் வேலை செய்ததற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தெரியும். "எவ்ளோ சின்னது பாரு, இதுக்குப் போயி" என்று அண்ணியிடம் காட்டத்தான். அண்ணி அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பாக, சாதுவாக இருந்தது. எடுத்தாயிற்றே என்று நானும் நிம்மதியானேன்.

சில நாள் கழித்து அண்ணன் சாப்பிட வந்தபோது ஜக்கிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் மேசை மேல் விழுந்தது. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"டேய், டம்ளரு இங்க இருக்குது. மேசைக்கு எதுக்குடா தண்ணி காட்டறே?" என்றார் ரியாசுதீன் பாய்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். மீனக்கா சிரிக்கவில்லை. கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"நல்ல கண்ண மூடு. இது இன்னா?"

"யக்கா, பரிட்சை வெக்கிறியா?"

"சொல்லு."

அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். "புகையா இருக்குது. நடுவுல கறுப்பா ஒண்ணு நீந்திக்கினே இருக்குது. சொட்டு மருந்து வுட்டுட்டு இருக்கேன், சரியாப் போயிடும்."

"அன்னைக்கி இன்னா பண்ணிட்டிருந்தே? அறுத்துட்டிருந்தியா?"

"இல்ல. பின்னு எறங்கல, அடிச்சேன்."

மீனக்கா பாயைப் பார்த்தார். பாய் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோய் அந்த உளியைக் கொண்டுவந்தார். விரிந்த தலையின் ஓரமெல்லாம் பழைய துரு. ஓரிடத்தில் மட்டும், எலி கடித்ததுபோல ஒரு சின்னப் பள்ளம், வெள்ளி மாதிரி மினுங்கியது.

"அறுக்கும்போது வர்றது தூசி. அடிக்கும்போது தெறிக்கிறது தோட்டா மாதிரிம்மா" என்றார் பாய். "ஆனா அதத்தான் நீ எடுத்துட்டியே."

மீனக்கா அடுப்பை அணைத்தார். மாவு இருக்கும்போது அந்தக் கடை மூடியதை யாரும் பார்த்ததில்லை. நெடுமாறனுக்குப் போன் போட்டு ஆட்டோவை வரச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தெருவில் ஒரு கண் பரிசோதனை மையம் இருக்கிறது. கலைமதி என்கிற பெண்தான் அங்கே கண்ணைப் பார்ப்பவர். டாக்டர் வாரத்தில் சில நாள் வருவார், மற்ற நாளில் வீடியோவில் பேசுவார். போகிற வழியில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மீனக்கா ஏறினாராம். ஆட்டோவில் அண்ணன் முன்னால் சாய்ந்து, "அண்ணாத்த, உன் பொண்டாட்டிக்கு என் கண்ணு மேல ஒரு கண்ணு" என்று நெடுமாறனைச் சீண்டிக்கொண்டே வந்தார். நெடுமாறன் "வெச்சிக்கோ, இட்லியாவது கெடைக்கும்" என்றார். சிரிப்புக்கு நடுவில் வார்த்தை எழவில்லை. அதற்குள் மையம் வந்துவிட்டது.

கலைமதி தாடையை வைக்கச் சொல்லி, விளக்குப் போட்டுப் பார்த்தார். "எப்பண்ணா விழுந்துச்சி?"

"போன வெள்ளிக்கிழம."

"வெளியில எடுத்துட்டாங்களா?"

"எடுத்தாச்சு மேடம்." அண்ணன் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்தார். "இதோ, இதான்."

கலைமதி எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். "செவப்பு இன்னும் இருக்குது. எடுத்த எடத்துல புண்ணாயிருக்கும். மருந்து மாத்தித் தரேன். டாக்டர் வியாழக்கிழம வருவாரு, அப்ப ஒருவாட்டி காட்டிடுங்க."

கதவோரம் நின்றிருந்த மீனக்காவுக்கு நன்றாகப் புரிந்தது. அந்தப் பொட்டலம் பிரிந்து கிடக்கும் வரைக்கும் யாரும் அந்தக் கண்ணுக்குள் எதையும் தேடப்போவதில்லை. தேடாமல் விட்டால் போவது கன்னியப்பனின் கண். சொன்னால் போவது எது என்றும் அவருக்குத் தெரியும்.

"அது அவன் கண்ணுலேர்ந்து வந்தது இல்லம்மா" என்றார்.

"அப்புறம்?"

"என் தோசைக்கல்லுலேர்ந்து வந்தது."

கலைமதி சிரிக்கப் பார்த்து, மீனக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அண்ணனுக்குப் புரியவே இல்லை. "இன்னாக்கா சொல்றே?" என்றார். கலைமதி அந்தத் துணுக்கைப் பஞ்சில் வைத்து விரலால் தேய்த்தார். அது கறுப்பாக இழுபட்டது. எண்ணெய் மினுமினுப்பு.

"அன்னைக்கி ஒண்ணுமே வரலம்மா. இவன் நம்பமாட்டேன்னான். கரியக் காட்டிட்டேன். இரும்ப இரும்பால அடிச்சிருக்கான். உளி பேர்ந்திருக்குது."

அதற்குப் பிறகு கலைமதி பேசியது வேறு குரல். அண்ணனை மறுபடி உட்கார வைத்து, அந்தச் சிவப்பின் மேலேயே விளக்கை நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். மூக்கோரத்து வெள்ளையில், ரத்தச் சிவப்புக்கு அடியில், மயிரிழை போல ஒரு சின்னக் கோடு இருந்தது. அது கீறல் இல்லை, வாசல். உள்ளே போனது போய், வாசல் தானாக மூடிக்கொண்டிருந்தது. டாக்டரை வீடியோவில் கூப்பிட்டார். கண்ணின் மேல் படாதபடி ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்து ஒட்டினார்.

"துணியால கட்டக் கூடாது. அழுத்தக் கூடாது. எதுவும் சாப்பிடாம இன்னைக்கே புதுச்சேரி போங்க. அங்க போன உடனே, சுத்தியால அடிச்சப்ப இரும்பு உள்ள போயிடுச்சின்னு சொல்லணும். தூசின்னு சொல்லாதீங்கண்ணா. தூசின்னா யாரும் அவசரப்பட மாட்டாங்க."

பாய் காரை எடுத்தார்; அண்ணியும் மீனக்காவும் கூட ஏறிக்கொண்டார்கள். திண்டிவனம் தாண்டியதும் அண்ணன் வெடித்தார்.

"பையில வெச்சிட்டு சுத்துனேன். ஊருக்கெல்லாம் காட்டுனேன். கத்தாருக்கு போட்டோ போச்சு. கரி! யாருக்காவது இப்படிப் பண்ணுவாங்களா?"

"எல்லாருக்கும்தான் பண்ணேன்" என்றார் மீனக்கா.

"இதுக்கு நீ கண்ணுல வெரலயே வுட்டிருக்கலாம்."

"திட்டு. எத்தினி வேணா திட்டு. கண்ணத் தேய்க்காம திட்டு."

புதுச்சேரியிலிருந்து அண்ணி எனக்குப் போன் செய்தபோது நான் செய்தது ஒன்றுதான். பெரிய ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள், பணம் நான் அனுப்புகிறேன் என்று கத்தினேன். போன் டாக்டர் கைக்குப் போனது. அவர் பொறுமையாகச் சொன்னார்: "அது பெரிய காந்தம் சார். உள்ள இருக்குறது இரும்பு. அந்த மிஷின்ல படுக்க வெச்சா, இரும்பு கண்ணக் கிழிச்சிட்டு ஓடும். நாங்க சி.டி. எடுக்குறோம்." நான் போனைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது வெறும் தூசி, அதுவும் எடுத்தாயிற்று என்று சொல்லிக்கொண்டே அண்ணன் வேறொரு நோவுக்கு எப்போதாவது அந்த மிஷினில் படுத்திருந்தால்?

படத்தில் அது தெரிந்தது. சாம்பல் நிற உருண்டைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணின் உட்புறம் நிறைந்திருக்கும் பாகு போன்ற திரவத்தில் அடியோரமாகக் கிடந்தது. கடுகை நாலாக வெட்டினால் ஒரு துண்டு. அங்கேயே விட்டால், துரு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, பார்வைத் திரையைத் தின்றுவிடும் என்றார் டாக்டர். வலிக்கக்கூட வலிக்காதாம். வெளியே வைத்த காந்தத்தால் இழுக்க முடியாது, வருகிற வழியெல்லாம் கிழித்துக்கொண்டு வரும். அதனால் வெள்ளையில் ஊசி நுழையும் அளவுக்குத் துளைகள் போட்டு, அந்தப் பாகை மெல்ல வெட்டி உறிஞ்சி, துண்டைச் சுற்றி ஒன்றும் ஒட்டியில்லாமல் செய்து, முனையில் காந்தம் உள்ள மெல்லிய கருவியை உள்ளே விட்டு எடுத்தார்கள். அது தானாக எழுந்துவந்து ஒட்டிக்கொண்டதாம்.

கண் தப்பிவிட்டது. முழுப் பார்வை திரும்பவில்லை. பலகையில் பெரிய எழுத்துகள் தெரிகின்றன, கீழ் வரிகள் தெரியவில்லை. வேலைக்குப் போகிறார். போல்ட்டைப் பொருத்தும் முன் விரலால் தடவிப் பார்த்துக்கொள்கிறார். இன்னும் சில வாரம் போயிருந்தால் இதுவும் இருந்திருக்காது என்றார் டாக்டர்.

பட்டறை வரிசையில் சேதி பரவ நெடுமாறனின் ஆட்டோ தேவைப்படவில்லை. "மீனக்கா கடையில தோசை வாங்குனா கண்ணு மருந்து ஃப்ரீ" என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. சிலர் உண்மையாகவே கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்தினார்கள். "அவங்க கைய நம்பி கண்ணக் கொடுத்தோம் பாரு" என்று ஒருவர் சொன்னார். அதில் 'அவங்க' என்ற வார்த்தை தனி டம்ளர் காலம் வரைக்கும் இழுபட்டதை மீனக்கா கேட்டுவிட்டார். மாவைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

வெல்டிங்காரர் விமல்ராஜ் மட்டும் நேராக வந்து கேட்டார்: "எனக்குக் காட்டுனதெல்லாம்?"

"ஒண்ணு நெசம். ரெண்டு கரி."

"எந்த ஒண்ணு நெசம்?"

"நீ ரொம்ப அழுதது நெசம்."

விமல்ராஜ் யோசித்தார். "கரிக்குத்தான்கா நான் சீக்கிரம் தூங்குனேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து தோசை கேட்டார்.

அண்ணன் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ச் சாப்பிட்டார். தன் கண்ணைக் கெடுத்ததும் அவர், காப்பாற்றியதும் அவர் என்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் உட்காருவது என்று போனில் என்னிடம் கேட்டார். இரண்டையும் கூட்டிக் கழிக்கப் பார்த்தேன், கணக்கு நிற்கவில்லை. மீனக்கா அன்றே ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால் அண்ணன் நம்பியிருப்பாரா? வேறு யாரிடமாவது போயிருப்பார். ஊசியோடு ஒருவர் காத்திருந்திருப்பார். ஆனால் இது நான் போட்டுப் பார்க்கும் கணக்கு. மீனக்கா ஒருநாளும் இப்படிச் சொல்லித் தப்பித்துக்கொண்டதில்லை.

ஒரு நாள் மதியம் அண்ணன் ரோட்டைக் கடந்து வந்தார். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். டம்ளரின் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, ஜக்கைச் சாய்த்து, தண்ணீர் விரலில் படும் வரை ஊற்றினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பிறகு, கண்ணிலிருந்து எடுத்த இரும்பைப் போட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னப் புட்டியைப் பையிலிருந்து எடுத்தார்.

"நகத்தக் காட்டு" என்றார்.

மீனக்கா கையைத் துடைத்துக்கொண்டு இடது கட்டைவிரலை நீட்டினார். அண்ணன் புட்டியைத் தட்டினார். நகத்தின் நடுவில் அது விழுந்தது. கண் தண்ணீரில் ஊறிய இடம் பழுப்பேறியிருந்தது, ஒரு முனை இன்னும் மினுங்கியது. மீனக்கா அதை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதான் உன்னப் பாடாப் படுத்துனது" என்றார் அண்ணன்.

"இட்லியா, தோசையா?" என்று கேட்டுவிட்டு மீனக்கா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இட்லி. உன் தோசைய இனிமே நான் நம்பமாட்டேன்."

போன லீவில் நான் ஊருக்குப் போனபோது அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நெல் அடிக்கும் இடத்திலிருந்து ஒருவர் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தார். மீனக்கா கை கழுவப் போகவில்லை. முதலில் ஒரு கேள்வி: "அடிச்சியா, அறுத்தியா, காத்துல வந்துதா?" அடித்தேன் என்றால் இமையைத் தொடவே மாட்டார், கலைமதியிடம் அனுப்பிவிடுவார். அறுத்தேன் என்றாலும் இப்போதெல்லாம் அங்கேதான். இவருக்குக் காற்றில் வந்தது. கிண்ணத்துத் தண்ணீரை விட்டுக் கழுவினார். இமையைப் புரட்டிப் பார்த்தார். திரி முறுக்கவில்லை.

"ஒண்ணும் இல்லபா."

"இருக்குதுக்கா. உறுத்துது."

மீனக்கா கட்டைவிரல் நகத்தை அவருக்கு முன்னால் நீட்டினார். அதில் எதுவும் இல்லை. மாவு காய்ந்த ஒரு வெள்ளைக் கோடு மட்டும்.

"பாத்துக்கோ. ஒண்ணும் வரல. வராததக் காட்ட என்னால முடியாது. உறுத்துனா கலைமதிகிட்ட போ."

அவர் அந்த வெறும் நகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு இருக்கும் திசையில் நடந்தார்.